காலேஜ் வாசலில் நாலு போர்ஷன்: வாடகைக் கணக்கு எங்கே உதைக்குது?

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பின கேள்வியை எடுத்துக்கலாம். அவருக்கு 29 வயசு, சென்னையில் ஐடி வேலை. அப்பா போன வருஷம் ரிட்டயர் ஆனார், கையில் 40 லட்சம் வந்திருக்கு. காட்பாடியில் விஐடி பக்கத்தில் கீழே ரெண்டு, மேலே ரெண்டுன்னு நாலு போர்ஷன் வீடு ஒன்று 80 லட்சத்துக்கு விலைக்கு வருது. அப்பா பணம் போக, தன் பேரில் 50 லட்சம் ஹோம் லோன் எடுக்கலாம்னு இருக்கார். "காலேஜ் ஊர், வீடு காலியாவே இருக்காது, வாடகையே ஈஎம்ஐயைக் கட்டிடும்னு புரோக்கர் சொல்றார். வாங்கலாமா?" இதுதான் கேள்வி.

வாடகையே ஈஎம்ஐயைக் கட்டுமான்னு முதலில் பார்த்துடுவோம். போர்ஷனுக்கு 9,000 வாடகைன்னு அவரே எழுதியிருக்கார். நாலுக்கும் சேர்த்து மாசம் 36,000. 50 லட்சம் கடன், 20 வருஷம், எட்டரை சதவீத வட்டி என்றால் ஈஎம்ஐ சுமார் 43,400. ஆக, நாலு வீடும் பன்னிரண்டு மாசமும் நிரம்பியிருந்தாலே மாசம் 7,400 கையிலிருந்து போகும். புரோக்கர் இந்தக் கணக்கைப் போட்டே பார்க்கலைன்னு தெரியுது.

பன்னிரண்டு மாசமும் நிரம்புமா? மாணவர்களுக்கு வருஷம் என்பது பத்து மாசம்தான். மே மாதம் பெட்டியைக் கட்டிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். சிலர் வீட்டைப் பிடித்து வைக்க அரை வாடகை தருவார்கள், பலர் காலி செய்துவிட்டு ஜூலையில் புதுசாகத் தேடுவார்கள். எனவே பத்து மாச வாடகை, 3,60,000 என்று வைப்போம். அதிலிருந்து வருஷா வருஷம் பெயின்ட், குழாய், மோட்டார், சொத்து வரி, புரோக்கர் கமிஷன், பார்த்துக்கிற ஆளுக்குச் சம்பளம் என்று ஒரு 75,000 போனால் மிச்சம் 2,85,000. வீட்டு விலை 80 லட்சம் என்றாலும் நீங்கள் போட்ட பணம் அது மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 7,20,000 சேரும். 87,20,000-க்கு 2,85,000 என்றால் வருஷத்துக்கு மூன்றேகால் சதவீதம். கடனுக்கு வட்டி எட்டரை. ஈஎம்ஐக்கும் வாடகைக்கும் உள்ள இடைவெளி மாசம் கிட்டத்தட்ட 20,000. அது அவர் சம்பளத்திலிருந்துதான் போகணும், அதுவும் பல வருஷத்துக்கு.

இந்த இடத்தில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "வீட்டுக்கு வாடகை வாங்காதீங்க, தலைக்கு வாங்குங்க." குடும்பத்துக்கு 9,000-க்குப் போகிற வீட்டில் ஐந்து பசங்களை வைத்து ஆளுக்கு 3,000 வாங்கினால் 15,000. பேப்பரில் அருமையா இருக்கும். ஆனால் அந்தக் கட்டடம் நாலு குடும்பத்துக்குக் கட்டினது. இருபது பசங்க வந்தால் செப்டிக் டேங்க் லாரியை எத்தனை தடவை கூப்பிடணும், வெயில் காலத்தில் தண்ணி லாரி எத்தனை, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும்? எங்க குடும்பத்து வீடு ஒன்று வேலூரில் வாடகைக்கு விட்டிருக்கு, மாமாதான் பார்த்துக்கிறார். அவர்கிட்ட தலைக்கணக்கு வாடகையைப் பற்றிப் பேசினால் செப்டிக் டேங்கில் ஆரம்பித்துச் செப்டிக் டேங்கிலேயே முடிப்பார்.

மாணவிகளை வைத்து, சாப்பாடும் போட்டு ஹாஸ்டல் மாதிரி நடத்தலாம்னு நினைத்தால் அது வேறு கதை. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014-ஆம் வருஷத்துச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்கணும். அப்போது நீங்கள் வீட்டு ஓனர் இல்லை, ஒரு தொழில் நடத்துகிறவர்.

இதெல்லாம் கூடக் குறைய இருந்தால் சமாளிக்கலாம். நான் உண்மையில் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. நாலு போர்ஷன் வாங்குகிறவர்கள் எல்லாரும் சொல்வது: "ஒண்ணு காலியானாலும் மூணு ஓடும்ல?" சாதாரண ஊரில் அது சரி. ஒரு குடும்பம் டிரான்ஸ்ஃபரில் போகும், இன்னொரு குடும்பம் சொந்த வீடு கட்டிப் போகும், மூணாவது அங்கேயே இருக்கும். காரணங்கள் வேறு வேறு. காலேஜ் வாசலில் நாலு வீட்டுக்கும் ஒரே காரணம்தான், அந்த காலேஜ். வரும்போது எல்லாரும் சேர்ந்து வருவார்கள், போகும்போதும் அப்படித்தான்.

2020 மார்ச்சில் அதைப் பார்த்தோம். காலேஜை மூடினார்கள், பசங்க ஒரே வாரத்தில் ஊருக்குப் போனார்கள், அப்புறம் பாடம் ஆன்லைனுக்கு மாறிவிட்டது. சட்டி பானை, கட்டில் எல்லாம் உள்ளேயே இருக்க, "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க அங்கிள்" என்று போன் மட்டும் வந்தது. அட்வான்ஸ் தீர்ந்த பிறகு அந்தப் போனும் வரவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு, வெளியே யாரும் பேசுவதில்லை. மாணவர் வீடுகள் புரோக்கரால் ஓடுவதைவிட சீனியர்களால்தான் அதிகம் ஓடுகின்றன. படிப்பு முடித்துப் போகிறவன் தன் ஊர்க்கார ஜூனியரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவான். ஆந்திரா பசங்க வீடு, பீகார் பசங்க வீடு என்று தெருவில் பேரே இருக்கும். ஒரு வருஷம் இடைவெளி விழுந்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். மறுபடி கோர்க்க ரெண்டு மூணு பேட்ச் ஆகும்.

கொரோனா மாதிரி தினமும் வராது என்பீர்கள். சரி. காலேஜ் தானாகவே மாறுவதைப் பாருங்கள். சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கின அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஊரின் வாடகைக்கே முதுகெலும்பு. நிதி நெருக்கடி வந்து 2013-இல் அரசு எடுத்துக்கொண்டது, பிறகு உபரி ஊழியர்களை ஆயிரக்கணக்கில் வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். அது சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஆனால் அத்தனை குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தவர்களை யாரும் கலந்து பேசவில்லை. பொறியியல் கல்லூரிகளும் அப்படித்தான். 2010-களில் தமிழ்நாட்டில் ஐநூறைத் தாண்டி இருந்தன, இப்போது நானூற்றுச் சொச்சம். மூடின ஒவ்வொன்றுக்கும் வெளியே யாரோ ஒருத்தர் கடன் வாங்கி ரூம் கட்டியிருப்பார். நன்றாக ஓடுகிற காலேஜும் ஆபத்துதான். அது புதுசாக ரெண்டு ஹாஸ்டல் பிளாக் கட்டி, எல்லாரும் உள்ளேயே தங்கணும்னு சொல்லிவிட்டால் உங்கள் வீடு காலி.

வேலூரில் மட்டும் கூடுதலாக ஒரு வசதி உண்டு. பாலாறு தாண்டினால் சிஎம்சி. காந்தி ரோடு பக்கம் போனால் போர்டெல்லாம் வங்காளத்தில் இருக்கும். மேற்கு வங்கம், வடகிழக்கு, வங்கதேசத்திலிருந்து நோயாளியோடு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள். இதை ரெண்டாவது காலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தைத் தாக்கல் செய்யணும். இன்னொன்று: 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறிய பிறகு இந்திய விசா வெகுவாகக் குறைந்தது. அவர்களை மட்டும் நம்பியிருந்தால் அதுவும் ஒரே வாசல்தான்.

நேயருக்கு என் பதில் இது. அப்பா பணத்தையும் உங்கள் கடனையும் சேர்த்து இந்த வீட்டில் போடாதீர்கள். ரிட்டயர் ஆனவருக்கு வேண்டியது மாசா மாசம் வருகிற காசு, அதுவும் மே மாதத்தில் நிற்காத காசு. அந்த 40 லட்சத்துக்குள்ளேயே, கடன் இல்லாமல், ரெண்டு போர்ஷன் வீடு கிடைத்தால் யோசிக்கலாம். அப்போதும் கீழ் வீட்டை ஒரு டீச்சருக்கோ நர்ஸுக்கோ ஆயிரம் குறைத்தாவது விடுங்கள். வருஷம் முழுக்க வாடகை வரும், வீட்டையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள். வரியில், வாடகை வருமானத்தில் சொத்து வரி போக 30 சதவீதம் கழிவு தானாகவே கிடைக்கும். ஆனால் புதிய வரி முறையில் இருந்தால், ஹோம் லோன் வட்டியால் வருகிற நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. இதைச் சொல்லாமல் லோன் விற்கிறார்கள்.

வீடு பார்க்கப் போவதென்றால் மே மாதக் கடைசியில் போங்கள். ஜூலையில் எந்தத் தெருவும் நிரம்பித்தான் இருக்கும். மே மாதத்தில் எத்தனை கேட்டில் டு-லெட் போர்டு தொங்குது என்று எண்ணுங்கள். தண்ணி லாரிக்காரரிடம் இந்தத் தெருவுக்கு வாரம் எத்தனை லோடு என்று கேளுங்கள். காலேஜுக்குள்ளே கிரேன் நிற்குதா, ஹாஸ்டல் எழும்புதா என்று பாருங்கள். பிளான் அப்ரூவலை வாங்கிப் பாருங்கள். அப்ரூவலில் ரெண்டு வீடு, கட்டினது நாலு என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வாடகை ஒப்பந்தம் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற புது வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம், பதினோரு மாசப் பத்திரத்துக்கும் சேர்த்துத்தான். அதை அடுத்த எபிசோடில் படிவத்தோட பார்க்கலாம்.