சொல்பவள் சொல்லிவிட்டாள்

பெண்கள், குழந்தைகளின் மனித உரிமை பற்றிய இக்கருத்தரங்குக்குத் தலைமை ஏற்றிருக்கிறேன்.

இங்கே வாசிக்கப்படவுள்ள கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்தேன். பலவும் ஒரே முடிவில் வந்து நிற்கின்றன: பாதிக்கப்படும் பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை, அதை ஊட்ட வேண்டும். இந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. அடிபடுகிறவளுக்குத் தான் அடிபடுவது தெரியும். பதினாறு வயதில் பள்ளியை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்படும் பிள்ளைக்குத் தனக்கு நடப்பது அநியாயம் என்று தெரியும். சொன்னால் யார் கேட்பார்கள் என்பதுதான் அவள் கவலை. அறியாமை கேட்க வேண்டியவர்களிடம் இருக்கிறது.

ராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்கு அருகே பட்டேரி என்றொரு சிற்றூர். அங்கே குயவர் குடும்பத்துப் பெண்ணான பன்வாரி தேவி, மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர்ப் பணியாளராக இருந்தார். விழிப்புணர்வு ஊட்டுவதே அவருடைய வேலை. 1992-இல், அந்த ஊரின் செல்வாக்குள்ள சாதிக் குடும்பம் ஒன்று கைக்குழந்தைக்குத் திருமணம் செய்ய முனைந்தபோது அவர் தடுக்க முயன்றார். போலீஸ் வந்தும் அந்தத் திருமணம் நடந்தே தீர்ந்தது. சில மாதங்கள் கழித்து, கணவரின் கண்முன்னே அவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். அவர் ஒளியவில்லை, மறைக்கவில்லை, புகார் கொடுத்தார். மருத்துவப் பரிசோதனை நடக்கவே இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

அவருக்கு நேர்ந்ததைக் கண்டு கொதித்த மகளிர் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றதால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க நெறிமுறைகள் வகுத்த விசாகா தீர்ப்பு 1997-இல் வந்தது. அந்த நெறிமுறைகள் சட்டமாவதற்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இன்று இருக்கும் உள் புகார்க் குழு, அந்தக் கிராமத்துப் பெண் பட்ட பாட்டின் பயன். இவரிடம் எந்த விழிப்புணர்வு குறைந்திருந்தது? காவலரிடமும் மருத்துவரிடமும் நீதிமன்றத்திலும் குறைந்திருந்தது.

நம் ஊர் வரலாறும் இதையேதான் சொல்கிறது. சென்னைச் சட்ட மேலவையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகக் குரல் எழுப்பிய காலத்தில், அந்த முறைக்குள்ளேயே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். அனுபவித்தவரே எழுந்து நின்று சொன்ன பிறகும் ஒழிப்புச் சட்டம் 1947-இல்தான் வந்தது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-இல். அறுபது ஆண்டுகள்! இரண்டு தலைமுறைப் பெண்கள் வெறுங்கையோடு வாழ்ந்து மறைந்துவிட்டார்கள்.

சட்டம் வந்த பிறகாவது கேட்கிறார்களா? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். பதிகிற அதிகாரி கூடியவரை பெண்ணாக இருக்க வேண்டும். சீருடையில் இருக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. எவ்வளவு கனிவோடு எழுதப்பட்ட பிரிவு இது! பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று ஆசிரியரின் குற்றத்தை மூடி மறைக்கும் தலைமையாசிரியருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. நாம் பேரணி நடத்துவதும் பதாகை பிடிப்பதும் மாணவிகளை வைத்து. தலைமையாசிரியர்களை உட்கார வைத்து இந்தப் பிரிவுகளை வாசித்துக் காட்டுவது அரிது.

இன்னொன்று. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006 தந்திருக்கும் ஒரு வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருமணம் நடந்து முடிந்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தப் பெண் இருபது வயது நிறையும் வரை நீதிமன்றத்தை நாடி அத்திருமணத்தைச் செல்லாததாக்கலாம். ஆனால் அவள் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தால் என்ன சொல்கிறோம்? "ஆனது ஆயிப்போச்சு, அனுசரிச்சுப் போம்மா." ஸ்டேஷனிலும் அதே பேச்சு, பஞ்சாயத்திலும் அதே பேச்சு. அந்த ஒரு வாக்கியம் ஒரு நாடாளுமன்றச் சட்டத்தையே தோற்கடிக்கிறது.

சட்டத்தைக் கருவியாக வளைப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை இந்த அவையில் மறைக்க விரும்பவில்லை. விருப்பத்தோடு காதலித்த பதின்வயதினர் மீது, பையனின் சாதி பிடிக்காமல் பெற்றோர் போக்சோவை ஏவும் வழக்குகள் உண்டு. இப்படிப்பட்ட வழக்குகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றமே கவலை தெரிவித்திருக்கிறது. அங்கேயும் அந்தப் பெண் பேசுகிறாள். அவள் வாக்கைத்தான் யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

கேட்கத் தெரிந்த அரசு என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் 2022-இல் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. தாலிக்குத் தங்கம் என்றிருந்த பணம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாயாகப் போகிறது. எந்த விழிப்புணர்வு முகாமையும் விட இதை நான் மேலாக மதிக்கிறேன். அப்பாவிடம் "படிக்கணும்" என்று சொல்லும் பெண்ணின் பேச்சுக்கு இந்தத் தொகை ஒரு வலுவைத் தருகிறது.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆய்வு வினாப்பட்டியலைப் பாதிக்கப்பட்ட பெண்களிடம் மட்டும் நீட்டாதீர்கள். காவல் நிலைய எழுத்தரிடம் கொண்டு போங்கள். ஊராட்சித் தலைவரிடம், கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாக என்றைக்குக் கூடியது என்று கேளுங்கள். கூட்டப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். குடும்ப வன்முறை மனுவை அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் வட்ட நீதிமன்றத்தில் எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். கிடைத்ததைத் தமிழில் எழுதி, கிராம சபையில் வாசியுங்கள்.

நிறைவு விழாவில் நாம் நிறைவேற்றும் தீர்மானங்களில், கேட்க வேண்டிய பொறுப்பில் இருப்போருக்கான பயிற்சியே முதலாவதாக இடம்பெற வேண்டும் என்று முன்மொழிந்து, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.