பூந்தமல்லிக்குப் படகில் போனோம்

பூந்தமல்லியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எங்கே தொடங்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். திருக்கச்சி நம்பிகள், வரதராஜப் பெருமாள் கோயில், ட்ரங்க் ரோடு நெரிசல், நடுரோட்டில் மெட்ரோ தூண்கள். அதெல்லாம் நீங்களே பார்த்தவை; நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. இன்றைக்கு உங்களைப் பூந்தமல்லிக்குப் படகில் கூட்டிக்கொண்டு போகிறேன். சிரிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைச் சொல்லவில்லை. நல்ல வெயில் நாளில், அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு போன பயணம் இது.

நான் பிறந்து வளர்ந்தது பூந்தமல்லி. அக்கா குடும்பம் கனடாவில் ஸ்கார்பரோ. ஒரு கோடையில் நானும் அம்மாவும் அங்கே போயிருந்தபோது, எல்லோருமாகக் கப்பலில் போகவேண்டும் என்று அக்கா மகள் பிடிவாதம் பிடித்தாள். சாதாரணக் கப்பலா? மத்தியதரைக் கடல் சொகுசுக் கப்பல். பார்சிலோனாவில் ஏறி, மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மால்டா என்று ஒரு வாரம் சுற்றி வரும் வகை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ரோமாபுரியும் உண்டு என்றாள். அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, விவரம் தெரிந்தவர். "கப்பல் ரோமுக்குப் போகாது. சிவிடாவெக்கியா என்ற துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்து ஓடவேண்டும், சாயங்காலத்துக்குள் திரும்பவேண்டும்" என்றார். அம்மாவுக்கு ஐரோப்பிய விசா வேறு எடுக்கவேண்டும். இருந்த நாளில் அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

அப்போதுதான் மாமா ரிடோ கால்வாய் வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். ஒட்டாவா நகரத்திலிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டர். ஆறும் ஏரியுமாகப் போகிற நீர்வழி; நடுநடுவே மட்டுமே வெட்டிய கால்வாய். வீடு மாதிரி அறைகளும் அடுப்பும் உள்ள படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம். ஒரு சின்னப் பயிற்சி தருவார்கள், அவ்வளவுதான். அக்கா மகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே வரைபடத்தில் விரலை ஓட்டினாள். 32 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "பூ... ன... மலி."

அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "நம்ம ஊரா?"

நம் ஊர்தான், நேயர்களே! ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்ற சிறு நகரத்தைத் தாண்டினதும் வருகிற, படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுக்கு நம் பூந்தமல்லியின் பெயர். வெள்ளைக்காரன் வாயில் நசுங்கிய பெயர்தான், ஆனால் அதேதான். கால்வாய் வெட்டிய நாளில் அந்த இடத்தை 'ஆற்றின் முதல் வேகப்பாய்ச்சல்' என்ற பொருளில்தான் அழைத்தார்கள். பிறகு எப்படியோ பூந்தமல்லி ஆனது. இந்தியாவில் இருந்துவிட்டு வந்த ராணுவத்தார் வைத்த பெயர் என்று அங்கே கதை சொல்கிறார்கள்.

அந்தக் கதை கிளம்பிய இடம் நம் பூந்தமல்லிதானே? கொஞ்சம் அங்கே போய்வந்துவிடுவோம். படகு காத்திருக்கட்டும்.

கன்டோன்மென்ட் என்று ஒரு பகுதியை இன்றும் சொல்கிறோமே, யாருக்காவது ஏன் என்று கேட்கத் தோன்றியிருக்கிறதா? கடலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிற இந்த ஊர், ஒரு காலத்தில் கப்பல் பயணிகளின் ஊர். இங்கிலாந்திலிருந்து மதராஸுக்கு வந்து இறங்கிய வெள்ளைக்காரச் சிப்பாய்களை முதலில் கூட்டிவந்து வைத்தது பூந்தமல்லி டிப்போவில்தான். பெங்களூரோ திருச்சியோ, அவரவர் படைக்கு அனுப்பும்வரை இங்கே தங்கல். பின்னாளில் உடம்பு சரியில்லாதவர்கள் தேறுவதற்கும் இதே இடம்.

அவர்கள் வந்த கப்பல் பயணத்தை நினைத்துப் பாருங்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு நாலு மாதம், சில சமயம் அதற்கும் மேல். சிலரோடு மனைவி மக்களும் உண்டு. அதுவும் குடும்பத்தோடு போன கப்பல் பயணம்தான், சொகுசு மட்டும் கிடையாது. மதராஸ் வந்து சேர்ந்தாலும் இறங்கத் துறைமுகம் இல்லை. 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் கட்டும்வரை, கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகு வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த படகு. ஆணி அடித்த படகாக இருந்தால் நம் கரையில் மோதுகிற அலைக்கு உடைந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அதை ஓட்டி வந்தவர்கள் நம் கடற்கரைக் குப்பத்து ஆட்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் மொத்தமும் நம்மவர் தைத்த கயிற்றை நம்பித்தான் கரை சேர்ந்தது.

அக்கா மகள் ஆசைப்பட்ட மத்தியதரைக் கடலும் இந்தக் கதைக்குள் வந்துவிடுகிறது, பாருங்கள். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தார்கள். அதற்குப் பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியதில்லை. ஜிப்ரால்டர், மால்டா, போர்ட் சயீத், செங்கடல், மதராஸ். இன்று சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கிற மால்டா துறைமுகம், அன்று பூந்தமல்லிக்கு வருகிறவர்களுக்கு வழியில் வரும் ஒரு நிறுத்தம்! நம் ஊரைச் சுற்றி இருக்கிற பெயர்களையும் கவனியுங்கள்: குமணன்சாவடி, கரையான்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்குகிற இடம். பட்டாளம் வருவதற்கு முன்னாலிருந்தே, காஞ்சிபுரத்துக்கும் மேற்கேயும் நடந்து போனவர்கள் மூட்டையை இறக்கி வைத்த பாதை இது. வந்தவர்கள் தங்கினார்கள், போனார்கள். போனவர்களில் யாரோ ஒருவர் நம் ஊர்ப் பெயரைக் கூடவே கனடாவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கே விட்டேன்? ஆமாம், படகு.

ஸ்மித்ஸ் ஃபால்ஸைத் தாண்டி, இரண்டு பக்கமும் மரம் அடர்ந்த வழியில் மெதுவாகப் போனோம். அப்படிப்பட்ட குறுகலான வெட்டுகளில் மணிக்குப் பத்து கிலோமீட்டர்தான் வேகம்; அதற்குமேல் போனால் கரை அரிக்கும். பூட்டுக்கு வெளியே துறையில் நீலக்கோடு போட்டிருக்கும். அங்கே படகைக் கட்டினால் 'உள்ளே வர விரும்புகிறோம்' என்று அர்த்தம். ஹாரன் அடிக்கவேண்டாம், கத்தவேண்டாம். ட்ரங்க் ரோட்டுக்காரனான எனக்கு இதுவே பெரிய அதிசயம்.

கதவு திறந்தது. உள்ளே போய் இன்ஜினை நிறுத்தி, சுவரில் தொங்குகிற கம்பிவடத்தில் நம் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளவேண்டும். கட்டக்கூடாது, கட்டினால் தண்ணீர் ஏறும்போது படகு சாய்ந்துவிடும். பின்கதவு மூடியது. மேலே இரண்டு பேர் இரும்புக் கைப்பிடியைச் சுற்றினார்கள். மதகு திறந்து தண்ணீர் பொங்கி வர, படகு எங்களைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. சுமார் ஏழடி. 1832-இல் கால்வாய் திறந்தபோது எப்படிக் கையால் சுற்றினார்களோ, பெரும்பாலான பூட்டுகளில் இன்றும் அப்படியே சுற்றுகிறார்கள். அக்கா மகள் மேலே ஓடிப்போய், "நானும் சுற்றலாமா?" என்று கேட்டாள். விட்டார்கள். அதோடு அவள் மத்தியதரைக் கடலைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள்.

அம்மாவுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு மதகு புதிதா? முழுக் கொள்ளளவு 24 அடி, இன்றைக்கு எத்தனை அடி, எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்று மழைக்காலம் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்து கேட்கிற ஊர் நம் ஊர். 2015 டிசம்பர் வெள்ளத்தை யார் மறந்தது? "இங்க எத்தன அடி?" என்றுதான் முதலில் கேட்டாள்.

கரையில் புல்வெளி. அங்கேயே எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் பிரித்தோம். ஸ்கார்பரோ தமிழ்க் கடையில் வாங்கின ஊறுகாய், அக்கா இடித்த பருப்புப்பொடி. சாப்பிடும்போது மாமா ஒன்று சொன்னார். இந்தக் கால்வாய் 1826 முதல் 1832 வரை வெட்டியது. அமெரிக்காவோடு சண்டை வந்தால் ராணுவத்துக்கு மாற்று வழி வேண்டும் என்பதற்காக. வெட்டியவர்கள் பெரும்பாலும் ஐரிஷ்காரர்களும் பிரெஞ்சுக் கனடியர்களும். ஆயிரம் பேர் அளவுக்குச் செத்தார்கள், அதில் ஏறக்குறைய பாதி மலேரியாவில். கனடாவில் மலேரியா! குளிர்தேசம் என்றால் கொசு வராது என்று யார் சொன்னது? சண்டை கடைசிவரை வரவில்லை. பட்டாளம் போகவேண்டிய பாதையில் இப்போது நாங்கள் எலுமிச்சை சாதம் தின்றுகொண்டிருந்தோம்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் பூட்டுகள் இயங்கும். படகு எடுக்க வசதிப்படாதவர்கள் காரிலேயே போய்க் கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். சாப்பாட்டை மறக்காமல் கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓட்டல் இருக்கும் என்று நம்பிப் போகவேண்டாம்.

கிளம்பும்போது கைப்பிடி சுற்றிய பையனை அம்மா கூப்பிட்டாள். கல்லூரி விடுமுறையில் வேலைக்கு வந்தவன். எங்கள் ஊர்ப் பெயர்தான் இது என்று அக்கா மகளை விட்டுச் சொல்லச் சொன்னாள். அவன் நம்பாமல் சிரித்தான். அம்மா விடவில்லை. "ஒரு தடவ எங்க பூந்தமல்லிக்கு வாப்பா. வீட்லயே தங்கிக்கலாம். மழ இல்லாத மாசமா பாத்து வா" என்றாள். அக்கா மகள் அதையும் ஒழுங்காக மொழிபெயர்த்தாள். விலாசம்கூட எழுதிக் கொடுத்துவிட்டாள். வந்தால் அடுத்த உரையில் சொல்கிறேன்.