கேள்விக்குறி போட்டால் பொறுப்பு போய்விடுமா?

(ஜார்ஜ்டவுனில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கணினி விளையாட்டு நிறுவனத்தை யார் வாங்கினால் நமக்கென்ன?" என்று உங்களில் பலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் படித்தது பொருளாதாரம் அல்ல, மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா. மைக்கைப் பிடித்துப் பேசுவது என் தொழில். ஆனால் 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு நடந்த ஒரு சம்பவம் என் எண்ணத்தை மாற்றியது. அன்று தவறு செய்தவள் நான். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

ஒரே இரவில் ஏறி இறங்கிய கதை

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரைப் பெற்றோர்கள் அறியாமல் இருக்கலாம். பிள்ளைகளைக் கேளுங்கள், 'ஈ.ஏ.' என்று உடனே சொல்வார்கள். 1982இல் தொடங்கப்பட்ட நிறுவனம். நம் வீட்டுப் பையன்கள் பள்ளி விட்டு வந்ததும் உட்காரும் அந்தக் காற்பந்து விளையாட்டு அவர்களுடையதுதான். முன்பு ஃபிஃபா என்ற பெயரில் வந்தது, 2023 முதல் வேறு பெயரில் வருகிறது. விளையாட்டை உருவாக்கப் பணம் போடுவது, விளம்பரம் செய்வது, உலகம் முழுவதும் விற்பது ஆகியவற்றைச் செய்பவர்களைத்தான் விளையாட்டு வெளியீட்டாளர் என்கிறோம். புத்தகத்துக்குப் பதிப்பகம் எப்படியோ அப்படி.

அந்த வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் யூ.எஸ்.ஏ. டுடே குழுமத்தைச் சேர்ந்த ஓர் இணையத் தளத்தில் ஒரு செய்தி வந்தது. அமேசான் நிறுவனம் ஈ.ஏ.வை வாங்க அன்றைக்கே அறிவிப்பு செய்யப் போகிறது என்றது அந்தச் செய்தி. நியூயார்க் பங்குச் சந்தை திறக்கும் நேரம் நமக்கு இரவு ஒன்பதரை. சந்தை திறப்பதற்கு முன்பே ஈ.ஏ. பங்கின் விலை பத்து சதவீதத்துக்கும் மேல் தாவியது. சிறிது நேரத்தில் சி.என்.பி.சி. தொலைக்காட்சியின் டேவிட் ஃபேபர், தாம் விசாரித்த வகையில் அமேசான் அப்படி எந்த விலையும் கேட்கப் போவதில்லை என்றார். ஏறிய ஏற்றத்தில் பெரும்பகுதி அன்றே கரைந்து போனது.

முதல் செய்திக்கும் மறுப்புக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? என் முகநூல் பக்கத்திலும், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும், "அமேசான் கையில் ஈ.ஏ.? இன்றிரவு அறிவிப்பு?" என்று போட்டேன். இரண்டு கேள்விக்குறிகள். ஒரு பட்டாசுப் படம் வேறு.

தம்பியின் பணம்

என் சித்தி மகன் பட்டர்வொர்த்தில் இருக்கிறான். பாயான் லெப்பாஸில் ஷிப்டு வேலை. சிறு வயதில் கோம்தாரில் விளையாட்டு வட்டுகள் வாங்கித் தரச் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தவன். தங்கையின் படிப்புக்காக ஆறாயிரம் ரிங்கிட் சேர்த்து வைத்திருந்தான். அவன் என் பதிவைப் பார்த்தான். "அக்கா டிவியில் இருப்பவர், விஷயம் தெரியாமலா போடுவார்?" என்று நினைத்தான். கைப்பேசிச் செயலி ஒன்றில், கையில் இருக்கும் பணத்தைப் போல ஐந்து மடங்குக்கு வாங்கும் கடன் வசதி இருந்தது. வாங்கினான். அதுவும் விலை உச்சத்தில் இருந்த நேரத்தில்.

ஐந்து மடங்கு என்றால் கணக்கு எளிது. விலை ஒன்பது சதவீதம் இறங்கினால் நம் பணத்தில் நாற்பத்தைந்து சதவீதம் போய்விடும். பொழுது விடியும்போது அவன் பணத்தில் கிட்டத்தட்ட பாதி இல்லை.

மறுநாள் என்னிடம் அவன் கோபப்படவில்லை. "நீங்க கேள்விக்குறி போட்டிருந்தீங்க அக்கா, நான்தான் சரியா பார்க்கல" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு யோசித்தேன். நான் போட்ட கேள்விக்குறி யாரைக் காப்பாற்றுவதற்கு? படிப்பவரை அல்ல, என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். "நான் உறுதியாகச் சொல்லவில்லையே" என்று பிறகு தப்பிக்க வைத்துக்கொண்ட பின் வாசல் அது. மறுப்புச் செய்தி வந்ததும் அதையும் பகிர்ந்தேன். முதல் பதிவை நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். மறுப்பைப் பகிர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விலை ஏன் துள்ளுகிறது?

ஒரு நிறுவனத்தை முழுதாக வாங்க நினைப்பவர், சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தால்தான் பங்குதாரர்கள் விற்பார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆக்டிவிஷன் பிளிசார்டு என்ற விளையாட்டு வெளியீட்டாளரை வாங்குவதாக 2022 ஜனவரி 18இல் அறிவித்தது. அதற்கு முன் சந்தையில் சுமார் 65 டாலராக இருந்த பங்குக்கு 95 டாலர் தருவதாகச் சொன்னது. மொத்தம் 6,870 கோடி டாலர். அந்தக் கூடுதல் தொகைக்கு ஆசைப்பட்டுத்தான், அடுத்து யார், அடுத்து யார் என்று சந்தை காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. வதந்தி வந்தவுடன் வாங்குகிறோம் என்றால், அதே நொடியில் ஒருவர் நமக்கு விற்கிறார் என்று அர்த்தம். அவர் ஏன் விற்கிறார் என்று நாம் கேட்பதில்லை.

தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு விளையாட்டு மீது ஏன் இத்தனை மோகம்? மாதச் சந்தாவும் கைப்பேசியும்தான் காரணம். என் அத்தை தினமும் பசியாறிவிட்டுக் கைப்பேசியில் கேண்டி கிரஷ் விளையாடுவார். அதை உருவாக்கிய கிங் நிறுவனத்தை 2016இல் ஆக்டிவிஷன் வாங்கியது, ஆக்டிவிஷனை 2023இல் மைக்ரோசாப்ட் வாங்கியது. தன் மிட்டாய்கள் இரண்டு முறை கை மாறியது அத்தைக்குத் தெரியவே தெரியாது.

எல்லா வதந்தியும் பொய்யா?

அப்படியும் சொல்ல முடியாது. சிக்கலே அங்கேதான். நம் பினாங்கில் வடிவமைப்பு மையம் வைத்திருந்த அல்டெரா நிறுவனத்தை இன்டெல் வாங்கப் பேசுவதாக 2015 மார்ச்சில் செய்தி கசிந்தது. பங்கு விலை தாவியது. ஏப்ரலில் பேச்சு முறிந்தது என்றார்கள், விலை சரிந்தது. ஜூன் 1ஆம் தேதி, 1,670 கோடி டாலருக்கு வாங்குவதாக அதிகாரப்பூர்வ அறிவிப்பே வந்துவிட்டது! மார்ச்சில் நம்பி வாங்கி ஏப்ரலில் பயந்து விற்றவர், உண்மையான செய்தியை நம்பியும் பணத்தை இழந்திருப்பார்.

அதே ஈ.ஏ.வை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 26இல் அந்த நிறுவனம் விற்பனைக்கு நெருங்கிவிட்டதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. மூன்றே நாளில், 29ஆம் தேதி, 5,500 கோடி டாலர் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. வாங்க முன்வந்தது அமேசான் அல்ல. சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியும், சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்களும். ஒரு வெள்ளிக்கிழமை வதந்தி பொய்யானது, இன்னொரு வெள்ளிக்கிழமைச் செய்தி மெய்யானது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

சில்வர் லேக் என்ற பெயரை நம் பாயான் லெப்பாஸ்காரர்கள் எங்கேயோ கேட்டது போல் இருக்கிறதே என்பீர்கள். 2005இல் எஜிலென்ட் நிறுவனத்தின் சில்லுப் பிரிவை கே.கே.ஆர். நிறுவனத்தோடு சேர்ந்து வாங்கி, அவாகோ என்று பெயர் வைத்தது அதே சில்வர் லேக்தான். 2025இல் இன்டெல்லிடமிருந்து அல்டெராவின் 51 சதவீதப் பங்கை வாங்கியதும் அதுவே. உலகம் பெரிதுதான், ஆனால் முதலாளிகளின் உலகம் சின்னது!

பலகை மாறிய தொழிற்சாலைகள்

ஆகவே, நிறுவனம் கை மாறும் வதந்தி நம் ஊருக்குப் புதிதல்ல. 1972இல் ஹியூலெட் பேக்கார்டு, இன்டெல், ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்கள் இங்கே கால் வைத்தன. ஹியூலெட் பேக்கார்டிலிருந்து 1999இல் எஜிலென்ட் பிரிந்தது. எஜிலென்டிலிருந்து அவாகோவும், 2014இல் கீசைட்டும் பிரிந்தன. அவாகோ 2016இல் பிராட்காம் என்ற பெயருக்கு மாறியது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளுக்குச் சில்லு வடிவமைக்கும் ஏ.எம்.டி., தன் பினாங்கு ஆலையின் 85 சதவீதத்தை 2016இல் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது.

இதற்கும் முன்னால் நம் தாத்தா பாட்டிகள் கேட்ட வதந்தி ஒன்று உண்டு. "துரை தோட்டத்தை விற்கப் போகிறாராம்!" தோட்டத் துண்டாடல் காலத்தில் அந்த ஒரு வரி லயன் வீடுகளின் தூக்கத்தைக் கெடுத்தது. துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். முதலில் வாங்கியது பக்கத்து மாநிலமான கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். வதந்தி வந்தபோது நம் மக்கள் தனித்தனியாக ஓடவில்லை, ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்.

என் அப்பாவின் நண்பர் ஒருவர் அப்படி உட்காரவில்லை. அவர் பதினெட்டு ஆண்டு வேலை பார்த்த தொழிற்சாலையை விற்கப் போகிறார்கள் என்று கேன்டீனில் பேச்சு. "துரத்துவதற்கு முன் நாமே போய்விடுவோம்" என்று கடிதம் கொடுத்துவிட்டார். பிறகு விற்பனையும் நடந்தது, ஆள் குறைப்பும் நடந்தது. குறைக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. அவருக்கு ஒரு காசும் இல்லை.

ஏன்? 1980ஆம் ஆண்டின் பணிநீக்க நன்மை விதிகள் என்று நம் நாட்டில் இருக்கின்றன. அந்த விதிகளுக்குள் வரும் தொழிலாளி ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்திருந்தால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு உண்டு. இரண்டு முதல் ஐந்தாண்டு வரை என்றால் 15 நாள், ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை என்றால் 10 நாள். நிறுவனம் கை மாறினால், புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க முன்வர வேண்டும். இல்லையென்றால் தொழிலாளிக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும். சொக்சோவின் வேலைக் காப்பீட்டுத் திட்டமும் வேலை இழந்தவருக்கு உதவுகிறது. ஆனால் தானாக விலகியவருக்கு இவை கிடைப்பதில்லை. வதந்தியை நம்பிக் கையெழுத்துப் போட்டால் இத்தனையும் போய்விடும்.

ஒப்பந்தம் உண்மையே ஆனாலும் அவசரப்பட வேண்டியதில்லை. மைக்ரோசாப்ட் விவகாரம் முடிய 21 மாதங்கள் ஆயின. அமெரிக்காவில் வழக்கு, பிரிட்டனில் தடை என்று இழுத்து, 2023 அக்டோபர் 13இல்தான் கைக்கு வந்தது. மூன்று மாதம் கழித்து, 2024 ஜனவரியில், விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரின் வேலை போனது. அறிவிப்பு நாளில் பங்குதாரர் வீட்டில் விருந்து நடக்கலாம், ஊழியர் வீட்டில் என்ன நடக்கும் என்பது பிறகுதான் தெரியும்.

நான்கு கேள்விகள்

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் எனக்கே விதித்துக்கொண்ட நான்கு கேள்விகளை உங்களிடமும் வைக்கிறேன். ஒன்று, இதைச் சொன்னவர் யார், பெயர் இருக்கிறதா? இரண்டு, வாங்குபவரோ விற்பவரோ பங்குச் சந்தைக்கு எழுத்தில் அறிவித்திருக்கிறார்களா? நம் நாட்டில் பங்கு விலை காரணமில்லாமல் துள்ளினால் புர்சா மலேசியா விளக்கம் கேட்கும், பதில் வெளியிடப்படும், யாரும் படிக்கலாம். மூன்று, இது பொய்யானால் நஷ்டம் யாருக்கு? நான்கு, நாளை காலை வரை பொறுத்தால் எனக்கு என்ன குறைந்துவிடும்?

சட்டமும் சும்மா இல்லை. 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தைச் சட்டத்தின்படி, பங்கு விலையை அசைக்கக்கூடிய பொய்த் தகவலை, அது மெய்யா பொய்யா என்று கவலைப்படாமல் பரப்புவது குற்றம். பத்தாண்டு வரை சிறையும், பத்து லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமும் விதிக்க இடமுண்டு. அதில் கேள்விக்குறிக்கு விலக்கு இருப்பதாக நான் எங்கும் படிக்கவில்லை.

தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். விசாரிப்பதையே தொழிலாகக் கொண்ட நான் அதை ஓர் இரவு மறந்தேன். தங்கையின் படிப்புக்குக் குறைந்த பணத்தில் என் பங்காகப் பாதியைக் கொடுத்தேன். தம்பி வாங்க மறுத்தான், சித்திதான் வாங்கிக்கொண்டார். "பணத்தைக் கொடுத்திட்ட, சரி. இனி டிவியில நீ சொல்றதை நான் நம்பலாமா?" என்று கேட்டார்.

அவர் போட்டதுதான் உண்மையான கேள்விக்குறி. அதற்கு இன்னும் நான் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.