வாசலில் கிடக்கும் இலாசர்

(வானொலி மறையுரை)



லூக்கா நற்செய்தி 16-ஆம் அதிகாரத்தில் வரும் செல்வர், இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ இயேசு சொல்லவில்லை. தம் வாசலில் கிடந்தவரை அவர் கண்டுகொள்ளவில்லை; அதுவே குற்றம். அந்த வாசல் இன்று எங்கே இருக்கிறது?

நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் வெளியாகும் கரியமில வாயுவைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். 1990-இல் ஜெர்மனியில் ஆண்டுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 13 டன். இன்று சுமார் 7. பிரிட்டனில் 10 டன்னாக இருந்தது 5-க்கும் கீழே வந்திருக்கிறது. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றின் உறவினர் வாழும் பிரான்சில் 7 டன் சுமார் 4 ஆகியிருக்கிறது. பிரான்சுக்கு மின்சாரத்தின் பெரும்பங்கை அணு உலைகள் தருகின்றன. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. மனம் வைத்தால் குறைக்க முடியும் என்பதற்கு இவையே சான்று.

ஆனால் கணக்கு அதோடு தீரவில்லை. அவர்கள் உடுத்தும் துணி ஆசியாவில் நெய்யப்பட்டால், அந்தப் புகை ஆசியாவின் பேரில் எழுதப்படுகிறது. முன்பு விட்ட புகையோ பல நூறு ஆண்டுகள் வானில் தங்குகிறது. செல்வந்த நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சூழலியல் கடன் பட்டுள்ளன என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் சொன்னது இதனால்தான்.

இந்தியரின் பங்கு தலைக்குச் சுமார் 2 டன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. பாகூர் வயல்கள் மூழ்கின. நல்லவாட்டில் படகுகள் கரையில் கிடந்தன. கடலும் காற்றும் சூடாகச் சூடாக, புயல் சுமந்து வரும் மழையும் கூடுகிறது. குறைவாகப் புகை விட்டவரே முதலில் நனைகிறார்.

அப்படியானால் நாம் குற்றமற்றவர்களா? 2 டன் என்பது சராசரிதான். இரண்டு காரும் அறைக்கு அறை ஏசியும் உள்ள வீட்டையும், நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் குடிசையையும் கூட்டி வகுத்த கணக்கு அது. ஐரோப்பாவிடம் கடனைத் திருப்பிக் கேட்பது நியாயம். அதே நியாயத்தை அந்த அம்மா நம்மிடமும் கேட்கலாம். இலாசர் நம் தெருவிலும் இருக்கிறார்.

ஆகவே, தேவைக்கு மேல் எரிப்பதை இன்றே நிறுத்துவோம். அடுத்த மழைக்கு முன், ஒழுகும் கூரை யாருடையது என்று நம் அன்பியத்தில் விசாரித்து வைப்போம். வாசலில் கிடப்பவரைக் காணும் கண்களை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.