யார் போட்ட ஒப்பந்தம்?

(கொழிஞ்சாம்பாறை சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசு சொன்னால் நாம் ஏன் கேட்க வேண்டும்? போலீசிடம் தடி இருக்கிறது என்பதாலா? தடிக்குப் பயந்து அடங்குவது கடமையாகாது. மக்களின் சம்மதமே ஆள்வோரின் உரிமைக்கு அடிப்படை என்றார் இங்கிலாந்தின் ஜான் லாக். 1762ல் 'சமுதாய ஒப்பந்தம்' எழுதிய ரூசோவும் மக்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின் மேல்தான் அரசை நிறுத்தினார்.

நம்மிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? இந்தச் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1949ல் திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் 1ல் கேரளம் ஆயிற்று. திண்ணையை விட்டு இறங்காத கிழவருக்கு மூன்று அரசுகள்! தேவிகுளம், பீர்மேடு தமிழகத்தோடு சேரவேண்டும் என்ற கிளர்ச்சியும் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11ல் தென் திருவிதாங்கூரில் துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. பிறகு கமிஷன் அறிக்கை தந்தது, பார்லிமெண்ட் சட்டம் செய்தது. குடிமக்களிடம் வாக்கெடுப்பு மட்டும் நடக்கவில்லை.

"இங்கேயே இருக்கிறாயே, அதுவே சம்மதம்தானே?" என்பார்கள். லாக்கும் அப்படித்தான் சொன்னார்: சாலையில் நடப்பவன்கூட மௌனமாகச் சம்மதித்தவனே என்று. டேவிட் ஹியூம் 1748ல் மடக்கினார்: தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவன் கடலில் குதிக்கவில்லை என்பதற்காகக் கப்பல் தலைவனுக்குச் சம்மதித்தவன் ஆவானா?

நான் ரயில்வே குமாஸ்தா. என் பாஷையில் சொல்கிறேன். டிக்கெட் வாங்கி ஏறியவன் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவன். நாமோ பெட்டியோடு வேறு வண்டியில் கோக்கப்பட்டவர்கள். மூணாறு தோட்டத்துக்கு ஏறிப்போன நம் மக்கள் டிக்கெட் வாங்கியவர்கள்தான். ஆனால் கூலிக்குச் சம்மதித்தார்களே தவிர, மொழியை இழக்கச் சம்மதிக்கவில்லை.

அதற்காக வண்டியிலிருந்து குதிக்கச் சொல்கிறேனா? இல்லை. வரி கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், மலையாளச் சகோதரரோடு ஒன்றாக வாழ்கிறோம். கேட்காமல் எழுதிய ஒப்பந்தமும், அதன் ஷரத்துகள் நிறைவேறினால் நியாயம் பெறும். ஷரத்துகள் எழுத்தில் இருக்கின்றன. சிறுபான்மைக் குழந்தைக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு. கேரளத் தமிழர் தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவித்த இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழிலேயே வரவேண்டும் என்கிறது 1969ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம்.

நாம் என்ன செய்கிறோம்? மலையாளத்தில் எழுதித் தர ஆள் தேடுகிறோம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நானும் அப்படி மனுக் கொடுத்தவன்தான். அன்று ஷரத்தைக் கிழித்தது அரசல்ல, நான்!

தோழர்களே, இனி மனுவைத் தமிழில் எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் பதில் வராவிட்டால் நகலோடு சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்தே போய்க் கேட்போம். கேட்பவனுக்குத்தான் ஒப்பந்தம், கேளாதவனுக்கு அது வெறும் காகிதம்.