கடலின் நிறமும் காமிராவும்
(பிரேசர் டவுனில் நடந்த ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நாம் குடியேறி வாழும் இந்நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. விடுமுறை வந்ததும் மாமல்லபுரத்துக்கும், கன்னியாகுமரிக்கும், இராமேசுவரத்துக்கும் குடும்பத்தோடு புறப்படுகிறோம். ஆனால் அங்கே கண்ணாரக் கண்ட நீலக்கடல், வீடு திரும்பிப் படத்தில் பார்க்கையில் வெளிறிக் கிடக்கிறது. உடனே கைபேசியில் நிறத்தைக் கூட்டுகிறோம். கடல் மையாகிறது, மணல் மஞ்சளாகிறது, குழந்தையின் முகமோ செம்பாகிவிடுகிறது! கடலில் நிறம் குறைந்ததா? இல்லை, அதன்மேல் படிந்த பளபளப்பு மிகுந்துவிட்டது. அதை நீக்கினால் நிறம் தானே வெளிப்படும்.

இவ்வுண்மையை ஆராய்ந்து கண்டவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, இப்பெங்களூரிலேயே வாழ்ந்து, 1970இல் மறைந்த சர் சி. வி. இராமன் ஆவார். ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது ராலே பிரபு என்னும் பேரறிஞரின் கருத்து. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய இராமன், நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவியைக் கண்ணருகே பிடித்துக் கடலைச் சாய்வாக நோக்கினார். நீரின் மேற்பரப்பிலிருந்து வந்த வானொளி மறைந்தது. ஆயினும் நீலம் மறையவில்லை. முன்னிலும் செறிந்து தோன்றியது! நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதை அவர் எடுத்துக்காட்டினார். நீர் செவ்வொளியை உறிஞ்சுவதும் இந்நீலத்துக்குப் பெருங்காரணம். அன்று தொடர்ந்த ஆராய்ச்சியே 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவாகவும், 1930இல் நோபல் பரிசாகவும் கனிந்தது.

அப்பட்டகம் செய்த வேலையை இன்று 'போலரைசர்' என்னும் வடிகட்டி செய்கிறது. காமிராவின் லென்சில் அதைப் பொருத்தி மெல்லச் சுழற்றினால், ஒரு நிலையில் நீரின் பளபளப்பு அடங்கும். கைபேசி உடையோர் போலராய்டு கூலிங் கிளாஸை அதன் லென்சின் முன் பிடித்துச் சுழற்றிப் பார்க்கலாம். நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் நோக்கும்போது பயன் மிகுதி. ஆகையால் கரையோரத்தைவிட உயரமான இடமே நன்று. பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து கீழே நோக்கினால் இதன் அருமை விளங்கும். வானத்தின் நீலம் செறிய வேண்டுமாயின் கதிரவன் உங்கள் தோள்பக்கமாக இருக்கட்டும். வடிகட்டி ஒளியில் பாதிக்கு மேலும் குறைத்துவிடும். எனவே கை அசையலாகாது.

பொழுதும் அறிய வேண்டும். மாமல்லபுரத்தில் காலைக் கதிரவன் கடலின் மேல் எழுகிறான். அப்போது கடலை நோக்கிப் படமெடுத்தால் பொன்னொளி கிடைக்கும். படகின் வண்ணம் கிடைக்காது, கருநிழலே விழும். பிற்பகல் மூன்று மணிக்குமேல் வெயில் நம் முதுகுப்புறமிருந்து வரும். படகின் சிவப்பும் பச்சையும், கடற்கரைக் கோயிற் கல்லின் நிறமும் அப்போது துலங்கும். வெண்மணலும் நுரையும் வெளுத்துப் போகாதபடி ஒளியைச் சற்றுக் குறைத்தே எடுங்கள். உப்புக் காற்று லென்சில் படியும். அடிக்கடி மெல்லத் துடையுங்கள். இவற்றைப் பழக இராமேசுவரம் வரை போக வேண்டியதில்லை. நமக்கு அண்மையிலுள்ள அல்சூர் ஏரிக்கரையே போதும்.

நண்பர்களே! இங்குப் பிறந்த நம் குழந்தைகள், ஆண்டில் பெரும்பகுதி கடலை நம் வீட்டுச் சுவரிலும் ஆல்பத்திலும்தான் காண்கிறார்கள். பூசிய நிறத்தைக் காட்டினால் அதையே கடலென்று நம்புவார்கள். பிறகு உண்மைக் கடலின்முன் நிற்கும்போது, இது வெளிறியிருக்கிறதே என்று முகம் சுளிப்பார்கள். மழைக்காலத்தில் ஆறு கலக்கும் இடத்தில் கடல் பழுப்பாக இருந்தால் பழுப்பாகவே காட்டுங்கள். அதுவும் நம் கடல்தான். முன்னோரின் கரையை அதன் மெய்ந்நிறத்தோடு மக்களுக்கு அளிப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!