ஏழு கோட்டில் எல்லா எண்ணும்

திருப்பூர் நிட்டிங் மெஷின் ஒரு சுற்று சுற்றினால் கவுண்ட்டரில் சிவப்பு எண் ஒன்று கூடும். குறித்த எண் வந்ததும் மெஷின் நிற்கும். துணி ரோலை இறக்கலாம்.

அந்த எண்ணின் ஒவ்வோர் இலக்கமும் ஏழு எல்இடி கோடுகள்தான். எட்டுக்கு ஏழும் எரியும். ஒன்றுக்கு வலப்பக்கத்து இரண்டே போதும். எந்த எண்ணுக்கு எந்தக் கோடு என்ற பட்டியல் மைக்ரோகண்ட்ரோலரின் புரோகிராமில் இருக்கும். 5 வோல்ட் என்றால் கோட்டுக்கு ஒரு 330 ஓம் ரெசிஸ்டர். அதை விட்டால் எல்இடி கருகலாம்.

நான்கு இலக்கத்துக்கு 28 கம்பி இழுக்க வேண்டியதில்லை. கோட்டுக் கம்பி ஏழும் பொது, இலக்கத்துக்கு ஒன்றாக நான்கு, ஆக 11. ஏழு கோட்டு மின்சாரமும் இலக்கக் கம்பியில் சேர்வதால் அங்கே டிரான்சிஸ்டர் வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் இலக்கமே எரியும், 2 மில்லிசெகண்டுக்கு; பிறகு அடுத்தது. கண்ணுக்கு இந்த மாற்றம் தெரியாது. செல்போன் கேமரா சிலசமயம் காட்டிக்கொடுத்துவிடும்.